நெஞ்சுச்சளி போன பிறகும் அடங்காத தொண்டை

காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். உடம்பு வலியும் போய்விடும். விடிவதற்கு முன்பே ரப்பர் பால் மரம் வெட்டக் கிளம்புகிறவருக்கும், செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்கும் இருமல் மட்டும் இரண்டாவது வாரத்திலும் அப்படியே நிற்கும். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கனைத்தாலும் வராது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் ஒரே இருமலுக்கு மூன்று கிளினிக் ஏறி இறங்குவது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது கிளினிக்கின் மருந்து 'நல்லா கேட்டுச்சு' என்பார்கள். கேட்காமல் என்ன செய்யும்? அதற்குள் நோய் தானாகப் போகும் நாளே வந்துவிட்டது.

தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து கிளை கிளையாகப் போகிறது. அந்தக் கிளைகளில் பெரியவற்றின் உள்தோல் வீங்குவதுதான் பிராங்கைட்டிஸ், மூச்சுக்குழாய் அழற்சி. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காரணம் வைரஸ்: இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி., கோவிட், சாதாரணச் சளி வைரஸ்கள். வைரஸ் உள்தோலை உரித்துவிடுகிறது. சளியை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும் நுண்மயிர்களும் அதோடு போய்விடுகின்றன. அதனால் சளியை இருமித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. தோல் உரிந்த இடத்தில் நரம்பு முனைகள் பாதுகாப்பில்லாமல் கிடப்பதால் குளிர்காற்று, கொசுவர்த்திப் புகை, வாய்விட்டுச் சிரிப்பது, போனில் நீளமாகப் பேசுவது என எது வேண்டுமானாலும் இருமலைக் கிளப்பும். புதுத் தோல் முளைத்துச் சீராக வாரக்கணக்கில் ஆகிறது. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்தது: இருமல் உண்மையில் நீடிப்பது சராசரியாக 18 நாள்; எத்தனை நாளில் போகும் என்று மக்கள் நினைக்கிறார்கள் எனக் கேட்டால் 7 முதல் 9 நாள். இந்த இடைவெளியில்தான் வீண் மருந்தெல்லாம் உள்ளே போகிறது.

சளி பச்சையாக வந்தால் கிருமி முற்றிவிட்டது என்று ஆன்டிபயாட்டிக் கேட்பது நம் ஊரில் வழக்கம். அந்தப் பச்சை நிறம் நம் வெள்ளையணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வைரஸ் தாக்கினாலும் வெள்ளையணு வரும், சளி பச்சையாகும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இருமல் நிற்பதில் வித்தியாசம் ஏறக்குறைய அரை நாள்தான். அதற்கு விலையாக வயிற்றுப்போக்கு, சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் நாலு அமாக்சிசிலினை வாங்கிப் போடுவது அதைவிட மோசம். நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

இனி தொண்டை. பிராங்கைட்டிஸில் தொண்டைக்கோளாறு என்று சொல்வது ஒன்றல்ல. நாளுக்கு நாள் வேறு வேறு. முதல் இரண்டு மூன்று நாள் விழுங்கும்போது எரிவது வைரஸ் தொண்டையில் இறங்கிய வலி. அது சீக்கிரம் போகும். அடுத்து குரல் கம்முவது. ஓயாத இருமலில் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்குவதால் வருவது. மூன்றாவது, மூக்கின் பின்பக்கமாகச் சளி வழிவது. படுத்தால் கூடும், காலையில் எழுந்ததும் கோழையாக வரும். கடைசியாக மிஞ்சுவதுதான் ஆளை அலைக்கழிப்பது: குரல்வளை பதறிப்போய், அங்கே ஒன்றுமே இல்லாதபோதும் 'சளி இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் நிலை. நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் இருமல் நிற்காது.

இந்தக் கடைசி நிலையைப் பெரும்பாலும் நாமே வளர்க்கிறோம், கனைத்துக் கனைத்து. ஒவ்வொரு கனைப்பிலும் குரல்நாண்கள் அடித்துக்கொள்கின்றன, வீங்குகின்றன, வீக்கம் மறுபடி சளி போலத் தோன்றுகிறது, மறுபடி கனைக்கிறோம். இதை மருந்து அறுக்காது. கனைக்கத் தோன்றும் அந்த நொடியில் செய்யும் வேலைதான் அறுக்கும். தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்கட்டும். கனைப்பு வந்தால் ஒரு மிடறு குடித்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, அழுத்தி விழுங்குங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலையே அப்படி விழுங்கலாம். பிறகு வாயை மூடி மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக விடுங்கள், நாலைந்து முறை. அரிப்பு பெரும்பாலும் அரை நிமிடத்தில் தணியும். முதல் நாள் பாதி நேரம் தோற்றுத்தான் போவீர்கள். மூன்று நான்கு நாள் விடாமல் செய்தால் கனைப்பு குறைவது வீட்டில் இருப்பவர்களுக்கே கேட்கும்.

சளி உண்மையிலேயே நெஞ்சில் இருந்தால் அதை ஏற்றுவதற்கு வேறு முறை. நிமிர்ந்து உட்காருங்கள். நாலைந்து முறை சாதாரணமாக மூச்சு விடுங்கள். பிறகு மூன்று முறை ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று நொடி அடக்கி, தளர்வாக விடுங்கள். அதற்குப் பிறகு அளவாக இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல 'ஹா' என்று வயிற்றிலிருந்து தள்ளுங்கள். இரண்டு தடவை போதும். சளி மேலே ஏறியது தெரிந்தால் ஒரே ஒரு இருமல், துப்பிவிடுங்கள். வறட்டுத்தனமாகத் தொடர்ந்து இருமினால் குழாய் சுருங்கிச் சளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்; விலாவில் வலி வேறு வரும்.

வீட்டு வைத்தியத்தில் எது உதவும், எது சும்மா? உப்புத் தண்ணீர் தொண்டை எரிச்சலுக்கு உதவும். ஒரு தம்ளர், ஏறக்குறைய 240 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. அதிகம் போட்டால் தொண்டை இன்னும் காயும். தலையை அண்ணாந்து கால் நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள், நாளுக்கு மூன்று நான்கு முறை. நெஞ்சுச்சளிக்கு இது ஒன்றும் செய்யாது. தண்ணீர் அவ்வளவு தூரம் போகவே போகாது. தேன் இரவு இருமலைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: படுக்குமுன் ஒரு தேக்கரண்டி. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதை அவர்கள் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தேனையும் சீனிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கற்பூரவள்ளி, துளசி போட்டுக் கொதிக்கவைத்த நீர் தொண்டைக்கு இதம். சூடும் ஈரமும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆடாதோடைக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு. கிளினிக்கில் சளி இளக்கத் தரும் புரோம்ஹெக்சின் மாத்திரை, ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் பக்கமே போகக் கூடாது.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று இதமாக இருக்கலாம், பிராங்கைட்டிஸைக் குறைக்காது. கொதிக்கும் சட்டியைக் கட்டில்மேல் வைத்துப் போர்வை போர்த்துவதில் தொடை வெந்துபோன குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வருவது உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்குக்குள் தடவுவதும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை நெஞ்சில் பூசுவதும் அப்படித்தான். ஏர் பத்து என்ற ஐஸ் தண்ணீர் குடித்ததால்தான் நெஞ்சுச்சளி வந்தது என்று பாட்டிமார் திட்டுவார்கள். ஐஸ் தண்ணீர் வைரஸைக் கொண்டுவராது. பதறிய தொண்டையில் இருமலைக் கிளப்பும், அவ்வளவுதான். கிளப்பினால் குடிக்காதீர்கள், கிளப்பாவிட்டால் பயம் வேண்டாம்.

இருமல் மருந்துப் போத்தலைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் வகைகள் மூக்கு ஒழுகலை நிறுத்தும். கூடவே தொண்டையையும் காயவைக்கும். காய்ந்த தொண்டை இன்னும் அரிக்கும். இதைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதோ அறுவாள் பிடிப்பதோ ஆபத்து. இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வறட்டு இருமலை அடக்கும் மருந்தையும் சளியை வெளியேற்றும் மருந்தையும் ஒன்றாகக் குடிப்பதில் அர்த்தமில்லை. கோடீன் கலந்தது 12 வயதுக்குக் கீழே கூடாது. தொண்டை வலி தாங்கவில்லை என்றால் பென்சிடமின் வாய்கொப்பளிப்பு மருந்து பார்மசியில் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு 15 மில்லி. எரிந்தால் தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. 'பிளூ' மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். ஐபுபுரூபன், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் தனிக் காரணம் இருக்கிறது: டெங்கி. முதல் மூன்று நாள் டெங்கிக்கும் மற்றக் காய்ச்சலுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாவது நாளும் காய்ச்சல் விடவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பெயர் ஒட்டாத உருண்டைகள், 'ஒரே நாளில் இருமல் போகும்' என்று கைமாறும் ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து வகைகள் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் பதிவான எந்த மருந்திலும், பாரம்பரிய மருந்து உட்பட, 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். இல்லாதவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. இருமலும் மூட்டு வலியும் மாயமாய்ப் போகும், சாப்பாடு ருசிக்கும். சில வாரத்தில் முகம் உப்பும், சீனி எகிறும். அப்போது திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. போத்தலை டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிலருக்கு இருமலோடு நெஞ்சில் விசில் சத்தமும் இளைப்பும் வரும். அவர்களுக்கு டாக்டர் நீல நிற சால்புட்டமால் இன்ஹேலர் தருவார். நேரடியாக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டைச் சுவரில் ஒட்டிவிடும். 'பம்ப் அடிச்சும் கேக்கல' என்பதற்குப் பாதி காரணம் இதுதான். அதனால் இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே ஸ்பேசர் என்ற குழாய் வைப்பார்கள்; அதை வாங்க முடியாவிட்டால் 500 மில்லி தண்ணீர்ப் போத்தல் போதும். போத்தலின் அடிப்பக்கம் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். இடைவெளியை டேப் ஒட்டி அடையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். போத்தல் வாயை உதட்டால் கவ்வி, இன்ஹேலரைக் குலுக்கி ஒரு அடி, ஐந்தாறு மூச்சு. அரை நிமிடம் விட்டு அடுத்த அடி. இரண்டையும் சேர்த்து அடித்தால் வீண்.

காற்றைப் பற்றிப் பேசாமல் தோட்டத்து இருமலைப் பேச முடியாது. கொசுவர்த்திச் சுருள் முதல் குற்றவாளி. மலேசியச் சுருள்களையும் சேர்த்து எரித்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், மூடிய அறையில் ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று தெரியவந்தது. லயத்து அறையில் ஜன்னலைச் சாத்தி அதைக் கொளுத்திவிட்டுப் பிள்ளைக்கு இரவெல்லாம் இருமல் என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வலை கட்டுங்கள். சாமியறைச் சாம்பிராணியை இருமுகிறவர் படுக்கும் அறைக்குக் கொண்டுவராதீர்கள். குப்பையைக் கொல்லையில் எரிப்பதும் நிற்கட்டும்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐ.பி.யு.வைச் சுற்றுச்சூழல் துறையின் ஆபிம்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். 100 வரை பரவாயில்லை, 101க்கு மேல் ஆரோக்கியமற்றது, 201க்கு மேல் மிகவும் மோசம், 300ஐத் தாண்டினால் அபாயம். 2013 ஜூனில் மூவாரில் 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. என்95 வேண்டும், அதுவும் தாடி இடையில் வராமல் ஒட்டினால்தான். வேலையிடத்தில் ரப்பர் பால் நிறுக்கும் இடத்து அம்மோனியா, பால் உறையவிடும் பார்மிக் அமிலம், ரப்பர் காயவைக்கும் புகைக்கூண்டு, ஆலையின் கொதிகலன் புகை, களைக்கொல்லித் தெளிப்பு ஆகிய ஒவ்வொன்றும் உரிந்த தொண்டையைக் கிளறும். இருமல் நிற்கும்வரை வேறு வேலை தரச் சொல்லி மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரெத்தெக் சிகரெட்டில் கிராம்பு இருப்பதால் தொண்டைக்கு நல்லது என்பது சுத்தப் பேத்தல். கிராம்பு எண்ணெய் தொண்டையை மரத்துப்போகச் செய்வதால் புகை இன்னும் ஆழமாகப் போகிறது. வருடத்துக்கு மூன்று மாதம், அடுத்தடுத்து இரண்டு வருடம் சளியோடு இருமல் இருந்தால் அது நாள்பட்ட பிராங்கைட்டிஸ். அதற்கு ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனை வேண்டும், கதையே வேறு.

எல்லா இருமலும் பிராங்கைட்டிஸ் அல்ல. ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தொண்டையில் அரிப்போடு வறட்டு இருமல் மாதக்கணக்கில் வரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் மாற்றித் தருவார்கள். மாற்றிய பின்னும் இருமல் அடங்க ஒன்று முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகலாம். இரவு பத்து மணிக்குப் புரோட்டா சாப்பிட்டு உடனே படுக்கிறவருக்கு வயிற்றமிலம் ஏறி அதே அரிப்பு வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விட்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்திப் பாருங்கள். தொண்டை வலி கடுமையாக, காய்ச்சலோடு, கழுத்தில் நெறி கட்டி, ஆனால் இருமலே இல்லாமல் வந்தால் அது பாக்டீரியாத் தொண்டையாக இருக்கலாம். அதற்குத்தான் ஆன்டிபயாட்டிக் வேண்டும், கொடுத்த நாள் முழுவதும் முடிக்கவும் வேண்டும். விட்டால் பிள்ளைகளுக்கு இதய வால்வு கெடும் ருமாட்டிக் நோய் வரலாம். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால், அதிலும் புகைப்பவர், வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்றால், குரல்நாணைக் கருவி விட்டுப் பார்க்கும் காதுமூக்குத்தொண்டை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர் சேற்றில், மழைத் தண்ணீரில் வேலை செய்து காய்ச்சலும் இருமலும் வந்தால் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயையும் நினைக்க வேண்டும். மலேசிய மண்ணில் அது இருக்கிறது; வேகமாக முற்றும். இன்ன வேலை செய்கிறேன், சீனி இருக்கிறது என்று டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.

காசநோய்க்கு விதி எளிது: இருமல் இரண்டு வாரம் தாண்டினால் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் சளிப் பரிசோதனை. பிராங்கைட்டிஸ் இருமலே 18 நாள் போகும் என்று மேலே சொன்னோம். ஆகவே அனுப்பினால் காசநோய் என்று அர்த்தமில்லை, அது ஒரு வடிகட்டல். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்கு அது போதிய காவல் அல்ல. காலை எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்ததுதான் மாதிரி. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் முடிவு 'இல்லை' என்றுதான் வரும், நோய் இருந்தாலும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதைக் கடிகாரம் வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரு முழு நிமிடத்தில் 24 முறைக்கு மேல் மூச்சு விட்டால், நாடி 100ஐத் தாண்டினால், காய்ச்சல் போய் மறுபடி திரும்பி வந்தால், மூச்சு இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தினால் அது நிமோனியாவாக இருக்கலாம். விரல் ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே காட்டினாலும் அப்படித்தான். மருதாணியோ நகச்சாயமோ இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது பாருங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் மனக்குழப்பமாக மட்டும் வரலாம். இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இதை எட்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்து, குரல் அமுங்கி, மூச்சில் கீச்சென்ற சத்தம் வந்தால் தொண்டையை ஸ்பூன் வைத்துப் பார்க்க வேண்டாம்; உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள்.

அன்றாடக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் அந்தக் கூலி போய்விடும் என்று காய்ச்சலோடு காட்டுக்குப் போவதால்தான் முதல் வாரத்திலேயே தொண்டை கெடுகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு: வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18, ஐந்துக்கு மேல் 22. பதிவுபெற்ற டாக்டரின் எம்.சி. என்ற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் அனுமதியின்றி வராததாக எழுதிவிடலாம். தோட்டத்து எழுத்தரான கிராணியின் போனுக்கு எம்.சி.யைப் படமெடுத்து அன்றே அனுப்பி, அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.